கொயரில் விழுந்த துட்டி

என் கணவரை இந்த வருஷம் பாட வேண்டாம் என்று சொல்லும் வேலையை என்னிடம் கொடுத்தார்கள். கொடுத்தவர் எங்கள் சபையின் கொயர் மாஸ்டர். இடம், பம்பாயில் சயான் பஸ் நிறுத்தம். செம்பூரில் ஒரு கண் ஆஸ்பத்திரியின் முன் மேசையில் நாளெல்லாம் டோக்கன் நம்பரைக் கத்திக் கூப்பிடுவது என் வேலை. கத்தி முடித்து, கால் வீங்கி, பஸ்ஸை விட்டு இறங்கியவளை நடைபாதையில் நிறுத்தி வைத்துத்தான் அவர் பேச்சை எடுத்தார்.

"மைனி, ஒங்கட்ட ஒரு காரியம். அண்ணாச்சிட்ட நீங்கதான் பக்குவமாச் சொல்லணும்."

"என்னத்த சொல்லணும்?"

"அவியளுக்கு சுதி நிக்க மாட்டேங்கு. கீழ இழுக்காவ. பக்கத்துல நிக்கவனும் அவிய பின்னாலயே போயிருதான். நான் அங்க கைய ஆட்டிக்கிட்டு நிக்கேன், பேஸ் மொத்தமும் வேற ஊருக்குப் போயிட்டு இருக்கு."

அவர் என் கணவருக்குச் சித்தப்பா மகன். வயதில் சின்னவர். அண்ணனிடம் நேராகச் சொல்ல வாய் வராது. பூனைக்கு மணி கட்ட ஒரு ஆள் வேண்டும்; அது எப்போதும் நானாகத்தான் இருப்பேன். மாமியாரிடம் டாக்டர் சொன்னதைச் சொன்னதும் நான்தான், கொழுந்தனிடம் கோலியை, அந்த ஒற்றை அறை வீட்டை, காலி செய்யச் சொன்னதும் நான்தான். வீட்டுக்கு ஒரு கெட்ட பெயர் வாங்குகிறவள் தேவைப்படுகிறாள் போலிருக்கிறது. பார்க்கிறேன் என்று மட்டும் சொல்லிவிட்டு நடந்தேன்.

மாஸ்டர் சொன்னது எனக்குத் தெரியாத விஷயம் இல்லை. கொயரில் முன்வரிசை சொப்ரானோ, அடுத்த வரிசையில் நாங்கள் ஆல்ட்டோ, எங்கள் முதுகுக்குப் பின்னால் ஆண்கள், மேல்குரல் டெனரும் கீழ்க்குரல் பேஸும். என் கணவர் சரியாக எனக்குப் பின்னால் நிற்பார். கல்யாணம் ஆகி வந்த புதிதிலிருந்து அதே இடம். அவர் குரல் என் பிடரியில்தான் முதலில் விழும், பிறகுதான் சபைக்குப் போகும்.

நல்ல குரல்தான். ஒரு காலத்தில் அந்தக் குரலைக் கேட்டுத்தான் எங்கள் வீட்டில் பெண் கொடுத்தார்கள் என்று என் தம்பி இன்றும் கிண்டல் செய்வான். அதைக் கெடுத்தது தாராவியில் அவர் வேலை பார்க்கும் பட்டறை. டப்பா மூடி அடிக்கிற பிரஸ். காலையிலிருந்து மாலை வரை தகரத்தில் விழுகிற அடி. அந்தச் சத்தத்தில் இத்தனை வருஷம் நின்றதில் இடது காது முழுக்கப் போய்விட்டது. வலது காதில் பாதி மிச்சம். சபையில் நடத்திய மருத்துவ முகாமில் ஒரு காது மிஷின் கொடுத்தார்கள். மாட்டிக்கொண்டு முதல் ஞாயிறு பாட நின்றார். மைக் பக்கத்தில் போனதும் அது விசிலடித்தது. பிள்ளைகள் சிரித்துவிட்டன. அன்றைக்குக் கழற்றி பீரோவுக்குள் போட்டவர் திரும்ப எடுக்கவில்லை.

எங்கள் சபைக்கு வருஷத்தில் பெரிய நாள் கிறிஸ்மஸ் அல்ல, அதற்கு முந்தின ஞாயிறு சாயங்காலம் நடக்கும் கேரல் ஆராதனைதான். கிறிஸ்மஸ் அன்றைக்கு அவரவர் வீடு, அவரவர் பிரியாணி. கேரலுக்குத்தான் எல்லோரும் வருவார்கள். கோலியை விற்றுவிட்டு அம்பர்நாத்துக்குப் போனவர்கள், விக்ரோலியில் பில்டிங்கில் ஏறிவிட்டவர்கள், கொஞ்சம் வசதி வந்து திலக் நகர் போய் எங்களைப் பார்த்தும் பாராமல் இருப்பவர்கள், எல்லோரும். வருஷம் பூராவும் வாட்ஸப்பில் ஜெபக் கை மட்டும் அனுப்புகிறவர்கள் அன்றைக்கு நேரில் வந்து, "மெலிஞ்சிட்டீங்களே" என்பார்கள். மெலியவில்லை, களைத்துப் போயிருக்கிறேன் என்று ஒருமுறையாவது பதில் சொல்ல ஆசை.

பஸ் நிறுத்தத்தில் பேசிய அன்றைக்கே வீட்டில் பேச்சை எடுத்துப் பார்த்தேன். கருவாட்டுக் குழம்பு வைத்திருந்தேன். அவருக்குப் பிடிக்கும் என்பதால் வைத்ததுதான். ஆனாலும் லஞ்சம் கொடுப்பது போல் இருந்து, என் மேலேயே எனக்கு எரிச்சலாக வந்தது. சோற்றைப் பிசைந்துகொண்டிருந்தவரின் வலது பக்கம் போய் உட்கார்ந்தேன்.

"ஏங்க, இந்த வருசம் கொயர்ல நிக்காம கொஞ்சம் ரெஸ்ட் எடுத்தா என்ன?"

"பாடுததுதான எனக்கு ரெஸ்ட்டு" என்றார்.

அவர் சொன்னதில் பொய்யே இல்லை. சினிமா கிடையாது, சீட்டு கிடையாது, ஊருக்குப் போவதும் கிடையாது. நவம்பர் பிறந்தால் சனிக்கிழமை மாலைகளில் குளித்து, இஸ்திரி போட்ட சட்டை போட்டு, பிராக்டிஸுக்கு எனக்கு முன்னால் கிளம்பி நிற்பார். மற்ற மாதங்களில் அவரை வாசலுக்குத் தள்ளுவதற்கே நான் பாடுபட வேண்டும். அந்த மனிதனிடம் போய் உங்கள் குரல் வேண்டாமாம் என்று எந்த வாயால் சொல்வது? மாஸ்டர் பிராக்டிஸில் ஒவ்வொரு சனிக்கிழமையும் என்னைப் புருவத்தைத் தூக்கிப் பார்ப்பார். நான் பாட்டுத் தாளைப் பார்ப்பேன். எங்கள் கொயரில் பெரியவர்களுக்குத் தமிழ்த் தாள், பிள்ளைகளுக்கு அதே பாட்டு இந்தி எழுத்தில். என்னிடம் இருப்பது இந்தித் தாள் என்பதைக்கூட கவனிக்காமல் ஒருநாள் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அப்போதுதான் ஊரில் ஒரு சாவு விழுந்தது. நாசரேத் பக்கம். என் மாமனாருடைய பெரியப்பா மகனின் மனைவி. என் கணவருக்குப் பெரியம்மா முறை. தொண்ணூறைத் தாண்டிய கிழவி, நிம்மதியாகப் போய்ச் சேர்ந்தாள். நாங்கள் போனில் துக்கம் கேட்டோம், இரண்டு நிமிஷம் ஜெபம் பண்ணினோம், மறுநாள் அவரவர் வேலைக்குப் போனோம். தூரத்து உறவுக்கு அவ்வளவுதான் செய்வது வழக்கம்.

நெருங்கின உறவென்றால் கதை வேறு. சாவு விழுந்த வீட்டுத் துக்கத்தை நாங்கள் துட்டி என்போம்; எங்கள் ஆட்களிடம் துட்டி என்றால் துட்டிதான். அந்த வருஷம் அந்த வீட்டுக்குப் பண்டிகை கிடையாது. வாசலில் நட்சத்திரம் தொங்காது, முறுக்கு வேகாது, கேரல் ரவுண்ட்ஸ் வருகிற பிள்ளைகள் அந்த வாசலில் மட்டும் டிரம் அடிக்காமல் நகர்ந்துவிடுவார்கள். துட்டி வீட்டுக்காரர்கள் கொயரிலும் நிற்கமாட்டார்கள். யாரும் எழுதி வைத்ததில்லை. ஆனால் பம்பாய்க்கு வந்து மூன்று தலைமுறை ஆகியும், தமிழ் படிக்க மறந்த பிள்ளைகளுக்குக்கூட அது தெரியும்.

மாஸ்டருக்கு இந்த வழக்கத்தில் ஒரு வழி தெரிந்துவிட்டது. அடுத்த சனிக்கிழமை பிராக்டிஸ் தொடங்கும் முன் குரலைத் தாழ்த்திக்கொண்டு சொன்னார்.

"அண்ணாச்சி வீட்ல துட்டி ஆயிருக்கு. நமக்கெல்லாம் வருத்தம்தான். அண்ணாச்சி, இந்த வருசம் நீங்க நிக்க வேண்டாம். முன் பெஞ்சுல உக்காந்து கேளுங்க. அதான் மொற."

என் கணவருக்கு முதலில் விளங்கவில்லை. "எந்தத் துட்டி?" என்று என்னைக் கேட்டார். நான் சொன்னேன். "அந்தப் பெரியம்மாவ நான் டவுசர் போட்ட வயசுல பாத்தது" என்றார். ஆனாலும் தம்பி சொல்கிறானே, முறையாக இருக்கும் என்று பாட்டுத் தாளை மடித்துச் சட்டைப் பைக்குள் வைத்தார். எனக்கு நெஞ்சுக்குள் ஒரு பக்கம் அப்பாடா என்று இருந்தது. சொல்லாமலே காரியம் முடிந்தது. இன்னொரு பக்கம் மாஸ்டரை அந்த இடத்திலேயே நாலு கேள்வி கேட்க வேண்டும் போல் ஆத்திரம் வந்தது.

கேட்டது நான் இல்லை, என் நாத்தனார். என் கணவரின் கூடப்பிறந்த தங்கை, சொப்ரானோவில் முதல் ஆள். அவளுக்கு அண்ணன் மேல் பரிவெல்லாம் கிடையாது. நியாயம் பேச ஒரு இடம் கிடைத்தால் விடமாட்டாள், அவ்வளவுதான்.

"அண்ணனுக்குத் துட்டின்னா எனக்கும் துட்டிதான?" என்றாள்.

"அக்கா, நீங்க கெட்டிக்குடுத்து வேற வீடு போயிட்டீயல்லா. ஒங்களுக்கு வராது."

"சரி, நான் வேற வீடு. நீ எந்த வீடு? ஒங்க அப்பாவும் எங்க அப்பாவும் கூடப்பிறந்தவங்கதான? ஒனக்கு அவ யாரு? ஒனக்கும் பெரியம்மாதான?"

மாஸ்டர் அதை யோசிக்கவே இல்லை. அண்ணனுக்கு என்ன முறையோ அதே முறைதான் தம்பிக்கும். என் கணவரைக் கீழே உட்கார வைக்கிற அதே துட்டி மாஸ்டரையும் கூடவே உட்கார வைக்கும்.

அதோடு நின்றிருந்தால் பரவாயில்லை. டெனரில் நிற்கிற பையன்கள் இரண்டு பேரும் மாஸ்டரின் அக்கா மகன்கள். கீபோர்டு வாசிக்கிறவனின் மனைவி செத்துப்போன கிழவிக்குப் பேத்தி முறை. ஆல்ட்டோவில் என் பக்கத்தில் நிற்கிறவள் அந்தப் பேத்தியின் அக்கா. கிணறு வெட்டப் பூதம் புறப்பட்ட கதைதான். யார் யாருக்கு என்ன முறை என்று பேசப் பேச, நின்றுகொண்டிருந்த ஆட்களெல்லாம் துட்டிக்காரர்கள் ஆகிக்கொண்டே வந்தார்கள். ஊரிலிருந்து ஒருவர் பின்னால் ஒருவராக வந்து, ஒருவருக்கொருவர் பெண் கொடுத்துப் பெண் எடுத்து உருவான கொயர். ஒரு நூலை இழுத்தால் மொத்தத் துணியும் கையோடு வரும்.

என் நாத்தனார் வழக்கு பேசத்தான் ஆரம்பித்தாள். பேசிக்கொண்டிருக்கும்போதே அந்தப் பெரியம்மாவின் ஞாபகம் வந்து உண்மையாகவே அழத் தொடங்கிவிட்டாள். நானும் பாடவில்லை என்று தாளைக் கீழே வைத்தாள். அன்றைக்குப் பிராக்டிஸ் நடக்கவில்லை. மறுநாளைக்குள் விஷயம் போனில் ஊருக்குப் போய், ஊரிலிருந்து திரும்பி வந்தது. பெரியம்மா செத்து மண்ணு காயல, அதுக்குள்ள பாட்டு கேக்குதா என்று ஊரிலிருந்து ஏச்சு. டெனர் பையன்களின் அம்மா பிள்ளைகளை அனுப்பமாட்டேன் என்றுவிட்டாள். அந்த வாரம் நடுவில் கணக்குப் பார்த்தால், எங்கள் சபையின் நான்கு குரல் கொயரில் துட்டி இல்லாமல் நின்றவர்கள் கன்னியாகுமரிப் பக்கத்துக் குடும்பம் ஒன்று மட்டும்தான். அவர்களும் எங்களிடம் பெண் எடுப்பதில்லை என்பதால் தப்பித்தவர்கள்.

அம்பர்நாத்திலிருந்து போன் வர ஆரம்பித்தது. கேரல் உண்டா இல்லையா, வேன் சொல்லணும். அங்கே கட்டிக்கொடுத்த என் மகளும் கேட்டாள். வேலை நேரத்தில் ஒருபக்கம் டோக்கன் கூப்பிட்டுக்கொண்டு மறுபக்கம் இவர்களுக்குப் பதில் சொல்லிக்கொண்டிருந்தேன். எனக்கு அந்த வாரம் யார் பாடினாலும் பாடாவிட்டாலும் ஒன்றுதான், ஒரு நாள் முழுக்கப் படுத்துத் தூங்கினால் போதும் என்று இருந்தது.

கடைசியில் மாஸ்டர் ஐயரிடம் போய் நின்றார். எங்கள் ஆட்கள் போதகரை ஐயர் என்றுதான் சொல்வார்கள். அவர் நெற்றியைத் தேய்த்துக்கொண்டு, "தூரத்துச் சொந்தம்தானே, அடக்கம் முடிஞ்சாச்சு, ஒரு ஜெபம் பண்ணிருவோம்" என்று முடிவு சொன்னார். ஞாயிறு ஆராதனை முடிந்ததும் கொயர் மொத்தமும் முன்னால் போய் வரிசையாக நின்றது. ஐயர் கிழவியின் ஆத்துமாவுக்காகக் கர்த்தரை ஸ்தோத்திரித்து, மீந்திருப்பவர்களுக்கு ஆறுதல் கேட்டு, ஆமென் சொன்னார். துட்டி போய்விட்டது. என் நாத்தனார் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு தாளைக் கையில் எடுத்தாள்.

என் கணவரும் அந்த வரிசையில் கடைசியில் நின்றிருந்தார். ஜெபம் முடிந்து எல்லோரும் கலையும்போது மாஸ்டரிடம் போய், வலது காதைக் கொஞ்சம் முன்னால் நீட்டிக்கொண்டு கேட்டார்.

"தம்பி, துட்டி எனக்கும் போச்சா?"

மாஸ்டர் கீபோர்டு ஒயரைச் சுருட்டிக்கொண்டிருந்தார். தலையைத் தூக்கவில்லை. "போச்சு அண்ணாச்சி" என்றார்.

"சரி" என்றார் என் கணவர். பிறகு என்னைப் பார்த்தார். அவருக்குப் போனது காதுதான், புத்தி இல்லை. எத்தனையோ பேருக்குப் பெரியம்மாவான ஒரு கிழவி செத்தபோது முதலில் தனக்கு மட்டும் ஏன் துட்டி விழுந்தது என்று கணக்குப் போட அவருக்கு அந்த ஒரு வாரம் போதும். வீட்டில் அந்த வாரம் இரண்டு பேரும் ரொம்ப மரியாதையாகப் பேசிக்கொண்டோம்.

கேரல் அன்றைக்கு அவர் நேரமே குளித்தார். வெள்ளைச் சட்டை, கறுப்பு டை. சபைக்குள் நிற்க இடமில்லை. அம்பர்நாத் வேன் வந்துவிட்டது, விக்ரோலிக்காரர்கள் பெஞ்சில் துண்டு போட்டு இடம் பிடித்துக்கொண்டிருந்தார்கள், திலக் நகர் அம்மாள் ஒருத்தி என்னிடம் மெலிந்துவிட்டாய் என்றாள். என் மகள் கைக்குழந்தையோடு நடுவில் உட்கார்ந்து போனைத் தூக்கிப் பிடித்திருந்தாள். நாங்கள் ஏறி அவரவர் இடத்தில் நின்றோம். அவர் வந்து எனக்குப் பின்னால் நின்றார். ஷூ சத்தத்திலேயே தெரிந்தது.

முதல் பாட்டு தொடங்கியது. சொப்ரானோ எடுத்தது, நாங்கள் சேர்ந்தோம், டெனர் சேர்ந்தது, பேஸ் சேர்ந்தது. எனக்குப் பின்னால் மட்டும் சத்தம் இல்லை. எடுக்கத் தவறிவிட்டார், அடுத்த அடியில் சேர்ந்துவிடுவார் என்று நினைத்தேன். அடுத்த அடியும் போனது. அவர் மூச்சு என் பிடரியில் பட்டுக்கொண்டிருந்தது. மூச்சு எடுக்க வேண்டிய இடத்தில் சரியாக எடுத்து, விட வேண்டிய இடத்தில் சரியாக விட்டார். குரல் மட்டும் வரவில்லை. பாட்டுக்குப் பாட்டு அப்படியே. இரண்டாவது பாட்டில் நானும் பாதிக்கு மேல் வாயசைத்தேன்.

கொயர் நன்றாக இருந்ததா என்று கேட்டால், நன்றாக இருந்தது. சில வருஷத்துக்குப் பிறகு நான்கு குரலும் பிசகாமல் நின்றன. கடைசிப் பாட்டில் பெஞ்சில் இருந்தவர்கள் தாமாக எழுந்து நின்றார்கள். சிலர் அழுதார்கள். மாஸ்டர் திரும்பிக் கும்பிட்டபோது அவர் முகத்தில் அப்படி ஒரு சந்தோஷம். அந்தச் சந்தோஷத்தை நான் வெறுத்தேன். அவர் மேல் தப்பில்லை என்று தெரிந்துதான் வெறுத்தேன்.

வெளியே டீயும் பிளம் கேக்கும் கொடுத்தார்கள். அம்பர்நாத்துக்காரர் ஒருவர் என் கணவரின் கையைப் பிடித்துக் குலுக்கினார்.

"அண்ணாச்சி, ஒம்ம சத்தம் கேட் வரைக்கும் கேட்டுச்சு வே. மத்தவன்லாம் பாடுதானா, என்ன பண்ணுதான்?"

"பிரஸ் சத்தத்துல கத்திப் பழகுன தொண்டல்லா" என்று சிரித்தார் என் கணவர். மகள் போனில் எடுத்ததைக் காட்டினாள். பின்வரிசையில் அவர் வாயை அகலத் திறந்து, ஒரு சொல் தப்பாமல் பாடிக்கொண்டிருந்தார். "அப்பாதான் சூப்பர்" என்றாள். அவர் குழந்தையின் கன்னத்தைத் தொட்டுவிட்டு, வேன் கிளம்பும்வரை நின்று கையசைத்தார்.

நைன்ட்டி ஃபீட் ரோடு வழியாக வீட்டுக்கு நடந்தோம். நான் அவருடைய வலது பக்கம். ஞாயிற்றுக்கிழமைக் கூட்டம், கறிக்கடை, டெம்போ, ஹார்ன். பாதி தூரம் வந்ததும் அவர் டையைக் கழற்றிச் சுருட்டிக்கொண்டே கேட்டார்.

"எப்ப இருந்து?"

எதைக் கேட்கிறார் என்று நான் திருப்பிக் கேட்கவில்லை. "மூணு வருசம் இருக்கும்" என்றேன்.

தலையை ஆட்டிக்கொண்டார். இன்னும் கொஞ்ச தூரம் நடந்தோம். பிறகு ரோட்டோரமாக நின்றுவிட்டார். "அப்ப மக கல்யாணத்துல?"

மகளுக்குக் கல்யாணம் ஆகி இரண்டு வருஷம். அன்றைக்கு மாப்பிள்ளை பெண்ணை முன்னால் நிற்க வைத்துவிட்டு, அவர் ஒரு சரணம் தனியாகப் பாடினார். பாதியில் கீபோர்டுக்காரன் அவரைப் பிடிக்க முடியாமல் கையை எடுத்துவிட்டான். சம்பந்தி வீட்டார் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவர் கண்ணை மூடிக்கொண்டு முழுச் சரணத்தையும் பாடி முடித்தார். முடித்துவிட்டு மகளைப் பார்த்துச் சிரித்தார்.

"அன்னைக்கு நல்லாத்தான் பாடுனீய" என்றேன்.

ஒரு டெம்போ ஹார்ன் அடித்துக்கொண்டு எங்களை உரசிப் போனது. அவர் வலது காதை என் பக்கம் திருப்பி, குனிந்து, "என்ன சொன்ன?" என்றார். நிஜமாகவே கேட்கவில்லையா, இன்னொரு தரம் கேட்க வேண்டும் போல் இருந்ததா, எனக்குத் தெரியாது. பக்கத்தில் நின்ற ஆட்டோக்காரர் திரும்பிப் பார்க்கிற அளவுக்குச் சத்தமாக, அதையே இன்னொரு தரம் சொன்னேன்.